கரோல் பர்னெட் ஷோ, பத்தாவது சீசன்: மேடையில் சிரித்துவிட்டால் தப்பா?

ராத்திரிப்பறவை (இழையைத் தொடங்கியவர்)

ஒரு மாதமாக ராத்திரி சாப்பாடு முடிந்ததும் எனக்கு ஒரே வேலைதான். கரோல் பர்னெட் ஷோவின் பத்தாவது சீசனில் கையில் கிடைத்த எபிசோடுகளை எல்லாம் வரிசையாகப் பார்த்து முடித்தேன். 1976 செப்டம்பரில் தொடங்கிய சீசன். பழைய அமெரிக்க டிவி பற்றிப் பேச இங்கே நாலைந்து பேர்தான் இருக்கிறோம், அந்த நாலைந்து பேருக்காகவாவது எழுதிவிடுகிறேன்.

பார்க்காதவர்களுக்கு: இது காமெடி நடிகை கரோல் பர்னெட் நடத்திய ஷோ. அமெரிக்காவில் சிபிஎஸ் சேனலில் 1967 செப்டம்பர் 11 முதல் 1978 மார்ச் 29 வரை பதினோரு சீசன் ஓடியது. வாரம் ஒரு மணி நேரம். ஸ்கிட், பாட்டு, நடனம், ஒரு விருந்தினர் என்று கதம்பமான நிகழ்ச்சி. லாஸ் ஏஞ்சலிஸ் டெலிவிஷன் சிட்டியில் 33ஆம் எண் ஸ்டூடியோவில், நிஜமான ஜனங்களை உட்கார வைத்துப் படம் பிடித்தார்கள். தொடக்கத்தில் கரோல் தனியாக வந்து, அரங்கத்து விளக்கைப் போடச் சொல்லி, ஜனங்கள் கேட்கும் கேள்விக்கெல்லாம் பதில் சொல்வார். முடிவில் காதைப் பிடித்து ஒரு இழுப்பு இழுப்பார். அது அவருடைய பாட்டிக்கு. சின்ன வயதில் வளர்த்த பாட்டிக்கு "நான் நன்றாக இருக்கிறேன்" என்று சொல்ல ஆரம்பித்த சைகை, பாட்டி போன பிறகும் நிற்கவில்லை.

என் கட்சி என்னவென்றால், பத்தாவது சீசன்தான் இந்த ஷோவின் உச்சம். அதற்குக் காரணம் ஹார்வி கோர்மன். முதல் நாளிலிருந்து கூடவே நடித்த மனிதருக்கு இதுதான் கடைசி சீசன். டிம் கான்வே பல வருஷம் விருந்தாளியாக வந்து போய், ஒன்பதாவது சீசனில்தான் நிரந்தரமாகச் சேர்ந்தார். ஆக இருவரும் வாராவாரம் ஒன்றாக இருந்தது இரண்டே சீசன். அதில் இரண்டாவது இது. எதிரே நிற்கும் கோர்மனை எப்படியாவது சிரிக்க வைத்துவிட வேண்டும் என்பதே கான்வேயின் பிழைப்பு. சிரிக்காமல் இருக்க கோர்மன் படும் பாடுதான் நமக்குக் கிடைக்கும் விருந்து.

மறுப்பவர்கள் வரலாம்.

வடைபோச்சே

மறுக்கவே இல்லை! அந்த யானைக் கதை ஒன்று போதும். ஒட்டிப் பிறந்த இரட்டை யானைகள், தும்பிக்கை ஒட்டியிருக்கும். கான்வே சொல்லச் சொல்ல எல்லோரும் சோபாவில் சரிவார்களே! பத்தாவது சீசனின் உச்சம் அதுதான். கோர்மன் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிடும்.

பழையடேப்

வடைபோச்சே தம்பி, வீடியோவை இன்னொரு தடவை போட்டுப் பாருங்கள். அந்த சோபாவில் கோர்மன் கிடையவே கிடையாது. உட்கார்ந்திருப்பவர் அவர் இடத்துக்கு வந்த நடிகர் டிக் வான் டைக். அது பதினோராவது சீசன், கோர்மன் போன பிறகு எடுத்தது. குடும்பமாக உட்கார்ந்து 'பாஸ்வேர்ட்' விளையாடும் ஸ்கிட்.

பல் டாக்டர் ஸ்கிட்டையும் எல்லோரும் இஷ்டத்துக்கு ஏதோ ஒரு சீசனில் போடுகிறார்கள். அது 1969, இரண்டாவது சீசன். புதிதாகப் படிப்பு முடித்த பல் டாக்டர் கான்வே மரத்துப்போகும் ஊசியைத் தன் கையிலேயே குத்திக்கொள்வார். அப்புறம் காலில். நாற்காலியில் கிடக்கும் நோயாளி கோர்மன் கையால் முகத்தை மூடிக்கொள்வார். வலிக்குத்தான் மூடுகிறார் என்று நாம் நம்ப வேண்டும்.

வடைபோச்சே

அடடா. ஆமாம், வான் டைக்தான். வடை போச்சு.

கறார்கண்ணன்

நான் மறுக்கிறேன். கொஞ்சம் நீளமாகவே மறுக்கிறேன், கோபப்படாதீர்கள்.

நடிகன் மேடையில் சிரித்துவிடுவது குறைதான். அதை அழகு என்று கொண்டாட நமக்குப் பழகிவிட்டது. கதையில் இருப்பவனுக்கு அங்கே நடப்பது சிரிப்பான விஷயமே இல்லை. பல் வலியோடு வந்தவனுக்கு டாக்டர் மயங்கி விழுவது பயங்கரம். அவன் பயந்தால் நான் சிரிப்பேன். அவனே சிரித்துவிட்டால் எனக்கு அங்கே என்ன வேலை? அவர்கள் வீட்டுக் கூத்தை வெளியே நின்று எட்டிப் பார்க்கிற மாதிரி ஆகிவிடுகிறது.

இன்னொன்று. சிரிப்பு வந்தாலே ஜனங்கள் கைதட்டுகிறார்கள் என்று தெரிந்துவிட்டால், அப்புறம் சிரிப்பு தானாக வருகிறதா, வரவழைக்கிறார்களா என்று யாருக்குத் தெரியும்? இதே சமயத்தில் நியூயார்க்கில் சாட்டர்டே நைட் லைவ் என்ற நேரடி காமெடி நிகழ்ச்சி ஓடிக்கொண்டிருந்தது. 1975 அக்டோபரில் ஆரம்பித்தது. அந்த ஆட்களுக்கு ஸ்கிட் நடுவே சிரிப்பது பிடிக்கவே பிடிக்காது. ஆரம்ப வருஷங்களில் அவர்கள் முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழாது. அதுதான் ஒழுக்கம்.

பழையடேப்

கறார் சார், நீங்கள் சொல்கிற கொள்கை சரி. ஆனால் இந்த ஷோவை எப்படி எடுத்தார்கள் என்று தெரிந்தால் வழக்கு கொஞ்சம் மாறும்.

வெள்ளிக்கிழமை ஒரே நாளில், ஒரே ஷோவை இரண்டு தடவை எடுப்பார்கள். சாயங்காலம் ஒரு கூட்டம், ராத்திரி வேறொரு கூட்டம். இரண்டுக்கும் கேமரா ஓடும். இரண்டில் எது நன்றாக வந்ததோ அதை ஒட்டிப் போடுவார்கள். கரோலுக்கு நாடக மேடையில் பழக்கம். நிறுத்தி, திரும்ப எடுத்து, உட்கார்ந்திருக்கிற ஜனங்களைக் கொட்டாவி விட வைப்பது அவருக்குப் பிடிக்காது. உடை மாற்ற, செட் மாற்ற ஆகும் நேரம் தவிர தடையில்லாமல் ஓட வேண்டும். சின்னத் தப்பு நடந்தால் நடந்ததுதான்.

கான்வே இதைப் பிடித்துக்கொண்டார். முதல் தடவை எழுதியிருப்பதை எழுதியிருக்கிறபடியே, ஒரு வரி பிசகாமல் செய்வார். முடிந்ததும் டைரக்டர் டேவ் பவர்ஸிடம் போய் "எல்லா ஷாட்டும் கிடைத்துவிட்டதா?" என்று விசாரிப்பார். கிடைத்துவிட்டது என்றால், ராத்திரி ஷோவில் ஆசாமி வேறு ஆள். யாரிடமும் சொல்லாமல் புதிதாக எதையாவது கொண்டுவருவார். கூட நடிப்பவர்களுக்கும் நமக்கும் ஒரே நேரத்தில்தான் அது தெரியவரும்.

ஆகவே சுத்தமான ஒரு பிரதி எப்போதும் கையில் இருந்தது. கோர்மன் சிரிக்காத பிரதி! அதை ஓரமாக வைத்துவிட்டு, சிரித்ததை எடுத்துப் போட்டார்கள் என்றால், அது ஒழுக்கம் கெட்டுப்போனதால் நடந்தது என்று சொல்ல மாட்டேன். யோசித்துத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள்.

கறார்கண்ணன்

அப்படியென்றால் என் புகார் இன்னும் பலமாகிறது சார். தவறிச் சிரித்தார் என்றாலாவது மன்னிக்கலாம். உட்கார்ந்து யோசித்து அதைத் தேர்ந்தெடுத்தார்கள் என்கிறீர்களே!

பழையடேப்

ஹாஹா. இந்த ரவுண்டு உங்களுக்கு.

ஊசிநூல்

சிரிப்பு விவகாரத்தை ஆண்பிள்ளைகள் பேசிக்கொள்ளுங்கள். பத்தாவது சீசன் என்றால் எனக்கு ஒரே ஒரு பச்சை வெல்வெட் உடை. நான் தையல் வேலையில் இருப்பவள், அதனால் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன்.

1976 நவம்பர் 7, 8 இரண்டு ராத்திரியும் என்பிசியில் 'கான் வித் த விண்ட்' படத்தைப் போட்டார்கள். அமெரிக்க நெட்வொர்க் டிவியில் அந்தப் படம் வந்தது அதுதான் முதல் முறை. நாடே பெட்டி முன்னால் உட்கார்ந்து பார்த்தது. ஐந்தே நாளில், 13ஆம் தேதி, கரோல் ஷோவில் அதன் கிண்டல்: 'வென்ட் வித் த விண்ட்'. எல்லோருக்கும் படம் மனதில் பச்சையாக இருக்கிற வாரம்! கரோல்தான் ஸ்டார்லெட், கோர்மன் கேப்டன் ராட் பட்லர், கான்வே பிராஷ்லி. விக்கி லாரன்ஸ் வேலைக்காரி சிஸ்ஸி. அந்த வார விருந்தாளி டைனா ஷோர்தான் மெலடி.

படத்தில் கதாநாயகி ஸ்கார்லெட் கையில் காசில்லாமல் ஜன்னல் கர்ட்டனைக் கழற்றி கவுன் தைத்துக்கொள்வாள் அல்லவா? ஸ்கிட்டில் எழுதியிருந்தது, கரோல் கர்ட்டனை அப்படியே மேலே சுற்றிக்கொண்டு வருவார் என்பதுதான். அதுவே சிரிப்பு வரக்கூடியதுதான். ஆனால் உடை வடிவமைப்பாளர் பாப் மேக்கி என்ன செய்தார் என்றால், கர்ட்டனோடு கர்ட்டன் கம்பியையும் கழற்றவில்லை. தோளுக்குக் குறுக்கே அந்தக் கம்பி. இரண்டு பக்கமும் தோளைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கும். இடுப்பில் கர்ட்டன் கயிறு, தங்க நிறக் குஞ்சம், தலையிலும் அதே துணியில் ஒரு தொப்பி. இதைப் போட்டுக்கொண்டு, ராணி மாதிரி நிமிர்ந்து, மாடிப்படியில் ஒவ்வொரு படியாக இறங்கி வருகிறார்.

ஜனங்கள் சிரிப்பது நிற்கவே மாட்டேன் என்கிறது. கீழே வரும்வரை கரோல் கன்னத்தை உள்பக்கமாகக் கடித்துக்கொண்டுதான் சமாளித்தாராம்.

தைக்கிறவர்கள் கவனிக்க ஒன்று. அது கோமாளி உடை மாதிரி தைக்கப்படவில்லை. இடுப்புக்குக் கீழே துணி விழுகிற விதம், சுருக்கம், எல்லாம் ஒழுங்கான கவுன். கம்பியை எடுத்துவிட்டால் அந்தக் காலத்து விருந்துக்கே போட்டுக்கொண்டு போகலாம். சரியாகத் தைத்த உடையில் ஒரே ஒரு அபத்தம் இருப்பதால்தான் அப்படி ஒரு சிரிப்பு. எல்லாமே கோணலாக இருந்திருந்தால் கம்பி கண்ணிலேயே பட்டிருக்காது. வாரத்துக்கு 50, 60 உடை செய்கிற மனிதர் இதற்கும் நேரம் ஒதுக்கியிருக்கிறார். 2009இல் அந்த உடை வாஷிங்டன் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டது.

நெல்லைச்சீமை

அக்கா, பிரமாதம். அந்த இடத்து வசனத்தைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்களே! ராட் "இந்த உடை அற்புதமாக இருக்கிறது" என்பார். அவள், "நன்றி. ஜன்னலில் பார்த்தேன், மனசு கேட்கவில்லை" என்பாள்.

எங்கள் வீட்டில் இதை மொழிபெயர்க்கப் போய் மாட்டிக்கொண்டேன். என் அப்பாவுக்குச் சொன்னேன், அவர் "ஆமாம், ஜன்னலில்தான் கர்ட்டன் இருக்கும். இதில் என்ன?" என்றார். ஆங்கிலத்தில் கடைக் கண்ணாடிக்குள் பொம்மைக்கு உடுத்தி வைத்திருப்பதையும் 'விண்டோ' என்றுதான் சொல்வார்கள். நமக்கு அது ஷோகேஸ். பணக்காரப் பெண்கள் கடை வாசலில் பார்த்து ஆசைப்பட்டு வாங்கியதைச் சொல்லும் அதே வாக்கியம், இவள் வீட்டு ஜன்னலுக்கும் அப்படியே பொருந்துகிறது. இதை அப்பாவுக்கு விளக்கி முடிக்கும்போது காபி ஆறிப்போயிருந்தது. கடைசியில் அவர் சிரித்தார்தான், கம்பியைப் பார்த்து. வசனம் அவருக்கு வேண்டியிருக்கவில்லை.

ஊசிநூல்

உங்கள் அப்பா சொன்னதே எனக்குப் போதும் :)

மேக்கி பற்றி இன்னொன்று சொல்லி முடிக்கிறேன். டட்பால், விக்கின்ஸ் ஸ்கிட் பார்த்திருப்பீர்கள். கான்வே முதலாளி, கரோல் செக்ரட்டரி. அவள் நடக்கும் நடை இருக்கிறதே, பின்பக்கம் தனியாக ஒரு ஊருக்குப் போகும்! அந்த நடை வந்த கதை: மேக்கி கொடுத்த பாவாடை இறுக்கமாக இருந்தாலும் பின்னால் மட்டும் தொளதொளவென்று தொங்கியதாம். பிடித்துத் தைக்கச் சொன்னார் கரோல். மேக்கி, "வேண்டாம், நீங்கள் பின்பக்கத்தைத் தள்ளி அதற்குள் வையுங்கள்" என்றாராம். வைத்தார். விக்கின்ஸ் பிறந்துவிட்டாள். எழுதும்போது விக்கின்ஸ் ஒரு கிழவியாகத்தான் இருந்தாள். அவளை நகம் ராவிக்கொண்டிருக்கும் இந்தப் பெண்ணாக மாற்றியதும் மேக்கியின் யோசனைதான். தையற்காரர் சொல்லி ஒரு பாத்திரமே மாறியது என்றால் எனக்குப் பெருமையாக இருக்காதா?

எடிசன்மாமா

நான் நியூஜெர்சியில் இருக்கிறேன், தொண்ணூறுகளில் வந்தவன். வந்த புதிதில் ராத்திரி தூக்கம் வராமல் டிவியைத் திருப்பினால் 'கரோல் பர்னெட் அண்ட் ஃபிரெண்ட்ஸ்' ஓடும். அரை மணி நேரம். வெகு காலம் அதுதான் முழு ஷோ என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அது ஒரு மணி நேர எபிசோடுகளை வெட்டி ஒட்டி 1977 முதல் மற்ற ஸ்டேஷன்களுக்கு விற்ற பதிப்பு. பாட்டு, நடனம் கிட்டத்தட்ட எல்லாம் போய்விட்டது. எர்னி ஃபிளாட்டின் நடனக் கோஷ்டி, பீட்டர் மாட்ஸ் நடத்திய ஆர்க்கெஸ்ட்ரா, இவர்கள் எல்லாம் இருந்ததே எனக்குத் தெரியாது. அதனால்தான் நம்மில் பலருக்கு இது வெறும் ஸ்கிட் நிகழ்ச்சி என்று பதிந்திருக்கிறது. முதல் ஐந்து சீசன் அந்த அரை மணிப் பதிப்பில் வரவே இல்லை. உரிமை வேறு ஆளிடம் இருந்ததால் முடங்கிக் கிடந்து, 2015இல்தான் டிவிடியாக வெளியே வந்தது.

அந்த டிவிடி ஜுரத்தில் நானும் ஒரு கடையில் ஆன்லைனில் ஆர்டர் போட்டேன். பெட்டி மேல் கரோல் படம், திறந்தால் உள்ளே இரண்டு தட்டில் யாரோ யோகா சொல்லிக்கொடுக்கிறார்கள். திருப்பி அனுப்பத் தபால் செலவு என் தலையில். வீட்டம்மா அந்த யோகாவைத்தான் இன்றுவரை செய்கிறாள், ஆகவே நஷ்டம் என்று சொல்ல முடியாது.

விஷயத்துக்கு வருகிறேன். கறார் சொன்ன சாட்டர்டே நைட் லைவ் பற்றி. இரண்டும் ஒரே சனிக்கிழமை ராத்திரி. கிழக்குப் பக்கத்தில் கரோல் ஷோ பத்து மணிக்கு ஆரம்பித்துப் பதினொன்றுக்கு முடியும். அதற்கு முன்னால் மேரி டைலர் மூர், பாப் நியூஹார்ட் ஷோக்கள். பதினொன்றுக்கு லோக்கல் செய்தி. பதினொன்றரைக்கு என்பிசிக்குத் திருப்பினால் சாட்டர்டே நைட். நடுவே அரை மணிதான். அம்மா அப்பா கரோலைப் பார்த்துவிட்டுத் தூங்கப் போவார்கள், பிள்ளைகள் விழித்திருந்து அடுத்ததைப் பார்ப்பார்கள். கதம்ப நிகழ்ச்சி என்கிற வகையே அந்த அரை மணிக்குள் கிழவியாகிவிட்டது என்று எனக்குத் தோன்றும்.

வடைபோச்சே

யோகா 😂😂 மாமா, கரோல் எந்த சீசன்?

எடிசன்மாமா

நாலாவது சீசன் இருக்க வேண்டிய இடத்தில் பத்மாசனம்.

மணிமேகலை_கே

நான் சாதாரணமாக இங்கே வாசித்துவிட்டுப் போகிறவள். 'ஃபேமிலி' ஸ்கிட் பற்றி யாருமே பேசவில்லையே என்று எழுதுகிறேன்.

1974இல் ஆரம்பித்தது. மாமா என்கிற அம்மாக்காரி, மகள் யூனிஸ், மாப்பிள்ளை எட். எழுதியவர்கள் டிக் கிளேர், ஜென்னா மக்மேன். அவர்கள் நினைத்தது கரோல் அம்மாவாக நடிப்பார் என்று. கரோல் யூனிஸை எடுத்துக்கொண்டார். அம்மா யார்? விக்கி லாரன்ஸ். கரோல் பிறந்தது 1933, விக்கி பிறந்தது 1949. மகளை விட அம்மா பதினாறு வயது சின்னவள்! உடம்பில் பஞ்சு வைத்து, நரைத்த விக் வைத்து, இருபத்தைந்து வயதுப் பெண் கிழவியாகிவிட்டாள். பள்ளிக்கூடம் படிக்கும்போது "நான் உங்கள் ஜாடையில் இருக்கிறேன் என்கிறார்கள்" என்று கரோலுக்குக் கடிதம் போட்டு வேலைக்கு வந்த பெண் இவள்.

மூவரும் 'ஸாரி' என்கிற போர்டு விளையாட்டு ஆடும் ஸ்கிட் ஒன்று இருக்கிறது. நம் தாயம் மாதிரி, அடுத்தவர் காயை வெட்டி அனுப்பும் விளையாட்டு. யூனிஸுக்கு எல்லோரும் சேர்ந்து சந்தோஷமாக ஒரு சாயங்காலம் உட்கார வேண்டும் என்று ஆசை. அவ்வளவுதான் அவள் கேட்பது. அம்மா தன் முறை வரும்போதெல்லாம் வேண்டுமென்றே இழுப்பாள், வேறு பேச்சு பேசுவாள், பழைய கணக்கை எடுப்பாள். எட் வாயில் எதையாவது போட்டுக்கொண்டே இருப்பான். யூனிஸ் மெல்ல மெல்லப் பொங்கிப் பொங்கி, கடைசியில் கத்துவாள். அந்தக் கத்தல் சிரிக்கவும் வைக்கும், வயிற்றையும் பிசையும்.

எனக்கு அது ரொம்பப் பக்கத்தில் இருக்கிற கதை. எங்கள் வீட்டில் பொங்கலுக்கு எல்லோரும் கூடினால் மத்தியானம் மூன்று மணிக்குள் யாராவது ஒருவர் கதவை அறைந்து சாத்தியிருப்பார். பெரும்பாலும் நான்.

அந்தக் குழு ஒரு நாள் ஒத்திகையில் விக், இழுவைப் பேச்சு எதுவும் இல்லாமல் சும்மா நாடகமாகப் படித்துப் பார்த்தார்களாம். சிரிப்பு சுத்தமாகப் போய்விட்டதாம். துக்கம் மட்டும் மிஞ்சியதாம். கறார் சார், இந்த ஸ்கிட்டுகளில் எட், யூனிஸ் இருவரும் சிரிக்க மாட்டார்கள், கவனியுங்கள். கோர்மன் எட் வேடத்தில் உட்கார்ந்திருக்கும்போது பக்கத்து வீட்டு ஆள் போலவே இருப்பார். அதே மனிதர்தான் கான்வே எதிரில் குலுங்குகிறார். ஆகவே அவருக்கு அடக்கத் தெரியாது என்று சொல்ல முடியாது.

கறார்கண்ணன்

மணிமேகலை அம்மா, நல்ல இடத்தில் பிடித்தீர்கள். 'ஃபேமிலி'யை நான் முழு மனதோடு ஒப்புக்கொள்கிறேன். இந்த ஷோவில் எனக்கு வேண்டியது அதுதான். யானைக் கதைகூட 'ஃபேமிலி' ஸ்கிட்டின் நடுவேதான் வருகிறது. அது வந்ததும் அந்த வீடு, அந்த அம்மா, அந்த மகள் எல்லாம் ஆவியாகிவிடுகிறார்கள். சோபாவில் நாலு நடிகர்கள் மட்டும் மிச்சம். அதனால்தான் என் எரிச்சல்.

பழையடேப்

ஒரே ஒரு ஆள் மட்டும் ஆவியாகவில்லை சார். விக்கி. எல்லோரும் சிரித்து ஓய்ந்ததும், அம்மாக்காரியாகவே இருந்தபடி ஒரு வரி விடுவார். இங்கே எழுத முடியாத வார்த்தை, அதனால் அப்போது ஒளிபரப்பாகவும் இல்லை. கான்வேயைப் பார்த்துக் கேட்கவில்லை, மருமகனோ யாரோ உளறிக்கொண்டிருக்கிறான் என்று அந்தக் கிழவி கேட்கிற தொனியில், "அவன் முடித்துவிட்டானா?" என்கிறாள். கான்வே தன் வாழ்க்கையில் தோற்றது அந்த ஒரு முறைதான் போலிருக்கிறது. வான் டைக் சரிந்தே விழுந்துவிட்டார்.

தோழர்_சுந்தர்

எல்லோரும் கர்ட்டனைப் புகழ்கிறீர்கள், நானும் சிரித்தேன். ஆனால் சிஸ்ஸி? மூலப் படத்தில் அந்தப் பாத்திரம் ஒரு அடிமைப் பெண், பட்டர்ஃபிளை மக்வீன் என்ற கறுப்பின நடிகை நடித்தது. இங்கே வெள்ளைக்காரப் பெண் விக்கி அதே கீச்சுக் குரலில் செய்கிறார். அடிமைகளை வைத்துப் பருத்தி விளைத்த பண்ணை வீட்டைக் கிண்டல் செய்கிற ஸ்கிட், அடிமைகளைப் பற்றி வாயே திறக்கவில்லை. கிண்டல் எல்லாம் உடைக்கும் காதலுக்கும்தான்.

நெல்லைச்சீமை

நியாயமான கேள்வி தோழர். ஒன்று மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஸ்டார்லெட் அவளை அறைந்துகொண்டே இருக்கிறாள். முடிவில் சிஸ்ஸி திருப்பி ஒன்று வைப்பாள், படத்தில் ஆண்பிள்ளை சொல்லிவிட்டுப் போகிற அந்தப் பெயர்போன கடைசி வசனமும் இவள் வாய்க்கு வரும். எழுதியவர்கள் ஏதோ யோசித்திருக்கிறார்கள். போதுமா என்றால், போதாது.

தோழர்_சுந்தர்

அது சரி. அந்த அறை எனக்கும் பிடித்தது.

எடிசன்மாமா

பத்தாவது சீசனுக்கு என்ன மரியாதை கிடைத்தது என்று தேடிப் பார்த்தேன், ஒரு வேடிக்கை அகப்பட்டது. 1977 எம்மியில் (அமெரிக்க டிவி விருதுகள்) கான்வேக்குத் துணை நடிகர் விருது. டேவ் பவர்ஸுக்கு டைரக்டர் விருது. ஆனால் சிறந்த காமெடி வெரைட்டி ஷோ விருது கரோலுக்குக் கிடைக்கவில்லை. யாருக்குப் போனது தெரியுமா? 'வான் டைக் அண்ட் கம்பெனி'. என்பிசியில் சில வாரமே ஓடி நிறுத்தப்பட்ட நிகழ்ச்சி. செத்துப்போன ஷோவுக்கு விருது!

அந்த டிக் வான் டைக்கைத்தான் கோர்மன் போன இடத்தில் கொண்டுவந்து உட்கார வைத்தார்கள். அவரும் சில மாதத்திலேயே விலகிவிட்டார். நல்ல நடிகர்தான், ஆனால் அந்த நாற்காலி அவர் அளவுக்குச் செய்ததில்லை. கோர்மனோ ஏபிசியில் தன் பெயரிலேயே ஒரு ஷோ தொடங்கினார், 1978இல். சில எபிசோடோடு சரி. பிற்பாடு அவரும் கான்வேயும் சேர்ந்து ஊர் ஊராக மேடை நிகழ்ச்சி நடத்தினார்கள். கோர்மன் 2008 மேயில் போனார், கான்வே 2019 மேயில்.

இன்னொரு சேதி. இந்த ஷோவே கரோல் அடம்பிடித்து வாங்கியது. சிபிஎஸ்ஸோடு அவருக்கு இருந்த ஒப்பந்தத்தில், ஐந்து வருஷத்துக்குள் அவர் கேட்டால் முப்பது வாரத்துக்கு ஒரு மணி நேர வெரைட்டி ஷோ தந்தே ஆக வேண்டும் என்று ஒரு ஷரத்து. கெடு முடியும் கடைசி வாரத்தில் போன் போட்டுக் கேட்டார். அந்தப் பக்கத்தில் இருந்தவர்கள் அந்த ஷரத்தையே மறந்துவிட்டிருந்தார்கள். "வெரைட்டி எல்லாம் ஆண்கள் சமாச்சாரம், உங்களுக்கு நல்ல சிட்காம் ஒன்று வைத்திருக்கிறோம்" என்று பார்த்தார்களாம். கரோல் மசியவில்லை. முப்பது வாரம் என்று ஆரம்பித்தது பதினோரு சீசன் ஆயிற்று. பன்னிரண்டாவதும் வேண்டும் என்று சிபிஎஸ் கேட்டபோது, போதும் என்று அவரே நிறுத்திக்கொண்டார்.

ராத்திரிப்பறவை

இரண்டு நாள் ஊரில் இல்லை, வந்து பார்த்தால் இழை எங்கோ போயிருக்கிறது. எல்லோருக்கும் நன்றி, யோகாவுக்கும்.

கறார் சார் கேட்டது மனதில் ஓடிக்கொண்டே இருந்தது. நேற்று ராத்திரி 'வென்ட் வித் த விண்ட்' திரும்பப் போட்டேன், இந்தத் தடவை கரோலைப் பார்க்காமல் கோர்மனை மட்டும் பார்ப்பது என்று. படியில் அவள் இறங்குகிறாள், அரங்கம் அலறுகிறது. பதினோரு சீசனிலும் இதைவிடப் பெரிய சிரிப்பு வந்ததில்லை என்பார்கள். பல் டாக்டர் நாற்காலியில் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கிய மனிதர், இங்கே மீசையும் கோட்டுமாக நின்று, ஜனங்கள் சிரித்து ஓயும்வரை காத்திருக்கிறார். அவசரப்படவில்லை. அப்புறம்தான் அந்த உடையைப் புகழும் வரியைச் சொல்கிறார், குரலில் ஒரு பிசிறு கிடையாது. காதலியைப் பார்த்து நிஜமாகவே சொக்கிப்போனவன் குரல். அவர் அப்படிச் சொன்னால்தான் "ஜன்னலில் பார்த்தேன்" எடுபடும். அவர் ஒரு நொடி சிரித்திருந்தால் கரோலின் பதில் வீணாகியிருக்கும்.

ஆகவே என் கட்சியைக் கொஞ்சம் மாற்றிக்கொள்கிறேன். சிரித்ததற்காக மட்டும் கோர்மனைப் புகழ்ந்தது என் அவசரம்.

கறார்கண்ணன்

ராத்திரிப்பறவை, அந்த இடத்தை நானும் இப்போது பார்த்துவிட்டு வந்தேன். ஒப்புக்கொள்கிறேன். பதிலுக்கு நானும் ஒன்று விட்டுக்கொடுக்கிறேன். கூடவே பல் டாக்டரையும் போட்டேன். ஊசியைக் குத்திக்கொண்டு கான்வே கையை ஆட்டும் இடத்தில் சத்தமாகச் சிரித்துவிட்டேன், பக்கத்து அறையிலிருந்து மகள் எழுந்து வந்து "என்னப்பா, உடம்புக்கு என்ன?" என்றாள்.

வடைபோச்சே

அடுத்து யானைக் கதையைப் போடுங்கள் சார். கோர்மனைத் தேடாதீர்கள், இல்லை.